ஒரு வேதிப்பொருள் கேடு என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்? டிரேசி வுட்ரஃபின் பணி பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு, சோபா மெத்தையில் கலந்த தீத்தடுப்பு ரசாயனம், பிளாஸ்டிக் பால்புட்டி. இவற்றில் எதை எடுத்தாலும் “ஆபத்து” என்று ஒரு செய்தியும் “பயப்பட வேண்டாம்” என்று இன்னொரு செய்தியும் வருகின்றன. இரண்டுக்குப் பின்னாலும் ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவதற்கு ஒழுங்கான விதிமுறை வேண்டும் என்று பல ஆண்டுகளாக உழைத்துவருபவர் அமெரிக்க விஞ்ஞானி டிரேசி வுட்ரஃப். அவரைப் பற்றியும் அவர் செய்த வேலையைப் பற்றியும் எழும் முக்கியமான கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டிரேசி வுட்ரஃப் யார்?

சுற்றுச்சூழல் நலவியல் ஆய்வாளர். கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் உடலில் சேரும் மாசுகள் என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய துறை.

முதலில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தார். அங்கே இருந்தபோது, 1989 முதல் 1991 வரை அமெரிக்காவின் 86 பெருநகரப் பகுதிகளில் பிறந்த சுமார் 40 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்துக்கொண்டு, காற்றில் உள்ள நுண்துகளுக்கும் சிசு மரணத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார். தூசு அதிகமான ஊர்களில், பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தைகளின் இறப்பு கூடுதலாக இருந்தது. அமெரிக்கக் குழந்தைகளின் சூழல் நிலையைப் புள்ளிவிவரங்களோடு சொல்லும் அந்த முகமையின் அறிக்கைத் தொடரிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2007-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய், இனப்பெருக்க நலமும் சுற்றுச்சூழலும் என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி நடத்தினார். 2011-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு பத்திரிகைகளில் பரவலாகப் பேசப்பட்டது. 268 கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்த, சிறுநீர் மாதிரிகளின் தரவுகளை ஆராய்ந்ததில், 43 வேதிப்பொருள்கள் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களின் உடலிலும் இருந்தன. பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட பொருள்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் என் பார்வையில் அவருடைய பெரிய பங்களிப்பு இதுவும் அல்ல. ‘நேவிகேஷன் கைடு’ என்ற மீளாய்வு முறைதான்.

மீளாய்வு என்றால் பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவதுதானே? அதில் என்ன பெரிய விஷயம்?

உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அதில் தொங்குகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்கச் செய்ய வேண்டும் என்று மேற்கத்திய நாடுகளில் மருத்துவர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில்தான் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. திடீர் சிசு மரணங்கள் சட்டென்று குறைந்தன. 2005-இல் ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பழைய ஆய்வுகளையெல்லாம் முறையாகத் திரட்டிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970-லேயே கையில் இருந்திருக்கிறது. அப்போதே யாராவது உட்கார்ந்து சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாரடைப்புக்கான ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்திலும் இதே கதை நடந்தது. அது உயிரைக் காக்கிறது என்பது 1973-க்குள் வெளிவந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பாடநூல்களும் நிபுணர் கட்டுரைகளும் அதைப் பரிந்துரைக்க அதற்கப்புறம் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த அனுபவங்களிலிருந்துதான் மருத்துவத்தில் முறைசார் மீளாய்வு வளர்ந்தது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி இப்படி மீளாய்வு செய்வதற்கென்றே 1993-இல் காக்ரேன் அமைப்பு உருவானது.

முறைசார் மீளாய்வுக்கும் ஒரு நிபுணர் எழுதும் சாதாரண மீளாய்வுக்கும் என்ன வேறுபாடு?

நிபுணர் தனக்குத் தெரிந்த, தனக்குச் சரியென்று படுகிற ஆய்வுகளை எடுத்துக்கொண்டு கருத்துச் சொல்வார். எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று வாசகருக்குத் தெரியாது.

முறைசார் மீளாய்வில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், எங்கெங்கே தேடுவோம், எந்த ஆய்வைச் சேர்ப்போம், தரத்தை எப்படி அளப்போம் என்பதையெல்லாம் தேடத் தொடங்கும் முன்பே எழுதி வெளியிட்டுவிட வேண்டும். விடைத்தாள்களைப் பார்த்த பிறகு மதிப்பெண் திட்டம் போடக் கூடாது என்பது போலத்தான் இது. இந்த முன்திட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அது இல்லாவிட்டால் மீதி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

பழைய முறையால் உண்மையில் கெடுதல் நடந்ததா?

நடந்தது, அதற்குக் கணக்கும் உண்டு. பிறர் விடும் சிகரெட் புகையைச் சுவாசிப்பது கேடா என்பது பற்றி வந்த 106 மீளாய்வுக் கட்டுரைகளை டெபோரா பார்ன்ஸும் லிசா பெரோவும் 1998-இல் ஆராய்ந்தார்கள். 39 கட்டுரைகள் “கேடு இல்லை” என்றன. அந்த 39-இல் 29 கட்டுரைகளை எழுதியவர்கள் புகையிலைத் தொழிலோடு தொடர்புடையவர்கள். கட்டுரையின் தரம், தலைப்பு, வெளியான ஆண்டு என்று எதை வைத்துப் பார்த்தும் முடிவு ஏன் மாறுகிறது என்று விளக்க முடியவில்லை. எழுதியவருக்குப் புகையிலைத் தொழிலோடு தொடர்பு இருந்ததா என்ற ஒன்று மட்டுமே விளக்கியது.

இந்த லிசா பெரோ பிறகு காக்ரேன் அமைப்பின் இணைத்தலைவராக இருந்தவர். வுட்ரஃபோடு சேர்ந்தும் பணியாற்றியிருக்கிறார்.

மருத்துவத்தில் முறை தயாராக இருந்ததே, அதையே எடுத்துக்கொண்டிருக்கலாமே?

அப்படியே எடுத்தால் ஒட்டாது. மருந்து என்றால் ஐந்நூறு பேருக்கு மருந்தும் ஐந்நூறு பேருக்கு வெற்று மாத்திரையும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்க்கலாம். அந்தச் சோதனைதான் மருத்துவத்தில் முதல் தரச் சான்று. மக்களை வெறுமே கவனித்துச் செய்யும் ஆய்வுகள் அங்கே “தாழ்ந்த தரம்” என்ற படியிலிருந்துதான் தொடங்கும்.

கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ஈயம் கொடுத்துப் பார்க்க முடியுமா? யாரும் செய்யக் கூடாத காரியம் அது. ஆக, மனிதர்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகளும் விலங்குச் சோதனைகளும்தான் கையில் இருப்பவை. மருத்துவத்தின் அளவுகோலை அப்படியே வைத்தால் சுற்றுச்சூழல் ஆய்வுகள் எல்லாமே தாழ்ந்த தரம் ஆகிவிடும். “போதிய சான்று இல்லை” என்று காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு வேறுபாட்டையும் வுட்ரஃபின் குழு வலியுறுத்துகிறது. மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். தொழில் வேதிப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. 1976-இல் அமெரிக்காவில் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 வேதிப்பொருள்கள் சோதனை எதுவும் கேட்கப்படாமலே தொடர அனுமதிக்கப்பட்டன. சான்று சேரும்வரை காத்திருக்கும் காலமெல்லாம் அந்தப் பொருள் மக்கள் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நேவிகேஷன் கைடு எப்படி வேலை செய்கிறது?

2011-இல் வுட்ரஃபும் பாட்ரிஸ் சட்டனும் ஒரு பணிக்குழுவோடு சேர்ந்து இதை முன்வைத்தார்கள். 2014-இல் முதல் முழு உதாரணம் வந்தது. பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருள் கருவின் வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற கேள்வி. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட பொருள் அது. இயற்கையில் சிதையாது, ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதை வைத்தே சொல்கிறேன்.

கேள்வியைக் கச்சிதமாக வகுப்பதுதான் முதல் வேலை. யாருக்கு, எந்தப் பொருள் பட்டால், யாரோடு ஒப்பிட்டால், என்ன விளைவு? இந்த நான்கும் கேள்விக்குள்ளேயே வந்துவிட வேண்டும். “பி.எஃப்.ஓ.ஏ. கெட்டதா?” என்பது கேள்வியே அல்ல. “கருத்தரிப்புக்கு முன்போ கர்ப்பகாலத்திலோ அதிகம் பட்டவர்களின் குழந்தைகள், குறைவாகப் பட்டவர்களின் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறக்கிறார்களா?” என்பது கேள்வி.

அப்புறம் தேடல். கிடைத்த கட்டுரைகளை முன்பே எழுதிவைத்த விதிப்படி சலிக்க வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மனித ஆய்வுகள் 18, விலங்குத் தரவுத் தொகுப்புகள் 21 தேறின.

அடுத்தது தரம் பார்ப்பது. நேரமும் பொறுமையும் அதிகம் வேண்டியது இங்கேதான். ஒவ்வோர் ஆய்வையும் எடுத்து, ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள், ரத்தத்தில் அளவு சரியாக எடுத்தார்களா, தாயின் புகைப்பழக்கம் போன்ற பிற காரணங்களைக் கணக்கில் எடுத்தார்களா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், அளந்ததில் சிலவற்றை மட்டும் வெளியிட்டார்களா, யார் பணம் கொடுத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த மதிப்பீடு என்று காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். விலங்குச் சோதனைகளில் இது பல ஓட்டைகளைக் காட்டிவிடுகிறது. எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, அளந்தவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியுமா என்பதைப் பல கட்டுரைகள் சொல்வதே இல்லை.

மனிதர்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகளுக்குத் தொடக்க மதிப்பு “நடுத்தரம்”. ஒட்டுமொத்தச் சான்றில் குறை இருந்தால் இறங்கும், வலு இருந்தால் ஏறும். இந்த ஒரு மாற்றம் பார்க்கச் சின்னதுதான். ஆனால் முழுத் துறையையும் “தாழ்ந்த தரம்” என்ற பெட்டிக்குள் அடைபடாமல் காப்பாற்றியது அது என்பேன்.

பிறகு மனிதச் சான்றையும் விலங்குச் சான்றையும் தனித்தனியே முடித்து, இரண்டையும் இணைத்து, “நச்சு என்று அறியப்பட்டது” என்பதிலிருந்து “அநேகமாக நச்சு அல்ல” என்பதுவரை ஐந்து நிலைகளில் ஒன்றைத் தர வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு இரண்டு பக்கமும் தரம் நடுத்தரம், வலு போதுமானது என்று வந்தது. இறுதி முடிவு: “மனிதரின் கரு வளர்ச்சிக்கு நச்சு என்று அறியப்பட்டது.” கடைசிப் படியாக, என்ன செய்யலாம் என்ற பரிந்துரை. மாற்றுப் பொருள் உண்டா, மக்களின் விருப்பம் என்ன என்பதெல்லாம் அந்தப் படியில்தான் வரும். அறிவியல் முடிவோடு அவற்றைக் கலக்கக் கூடாது.

அந்த ஆய்வில் எடை எவ்வளவு குறைந்தது? அது பெரிய அளவா?

ஒன்பது ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிட்டதில், தாயின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 18.9 கிராம் குறைந்தது. உண்மை மதிப்பு 7.9 கிராமுக்கும் 29.8 கிராமுக்கும் இடையில் இருக்கலாம் என்பது கணக்கின் வரம்பு.

ஒரு தனிக் குழந்தைக்கு 19 கிராம் ஒன்றுமில்லைதான். ஆனால் நாடு முழுதும் எல்லாக் குழந்தைகளின் எடையும் கொஞ்சம் கீழே நகர்ந்தால், இரண்டரைக் கிலோ என்ற கோட்டுக்குக் கீழே போகிறவர்கள் எண்ணிக்கை கூடும். பொதுச் சுகாதாரத்தில் எப்போதும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த முடிவை யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், நல்ல கேள்வியோடு எதிர்த்தார்கள். கர்ப்பகாலத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் கூடும். அது சரியாகக் கூடாத பெண்ணின் ரத்தத்தில் இந்தப் பொருள் அதிகம் தங்கும். அதே பெண்ணுக்குக் குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கலாம். அப்படியானால் பி.எஃப்.ஓ.ஏ. காரணமல்ல, சிறுநீரகம்தான் இரண்டுக்கும் காரணம் என்று ஆகிவிடும்.

வுட்ரஃபின் குழு இதை ஒதுக்கித் தள்ளவில்லை. வடிகட்டும் வேகத்துக்கும் கரு வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றியே தனியாக ஒரு முறைசார் மீளாய்வு செய்து 2015-இல் வெளியிட்டது. அந்த மாற்று விளக்கத்தை நிலைநாட்டப் போதிய சான்று இல்லை என்பது அதன் முடிவு. விவாதம் அதோடு நிற்கவில்லை. கைல் ஸ்டீன்லண்டும் சகாக்களும் 2018-இல் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிக் குறைவு 10.5 கிராம் என்று வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ரத்தம் எடுத்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால் குறைவு 3.3 கிராம்தான், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற வரம்புக்குள்.

இதனால் பழைய மீளாய்வு வீணானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஆய்வுகள் சேர்ந்தன, எந்தக் கணக்கு போட்டார்கள் என்று எல்லாம் வெளியில் இருந்ததால்தான் அடுத்தவர்கள் அதன் மேல் நின்று திருத்த முடிந்தது. பி.எஃப்.ஓ.ஏ. நல்ல பிள்ளையாகிவிடவும் இல்லை. வேறு கேடுகளுக்கான சான்று தனியே வளர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது.

யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்பது நியாயமா? நல்ல ஆய்வு என்றால் யார் செலவழித்தால் என்ன?

இதில் காக்ரேன் அமைப்புக்குள்ளேயே 2013-இல் கடுமையான வாதம் நடந்தது. ஆய்வு முடிவை ஒரு பக்கமாக இழுக்கும் குறைக்குச் சாய்வு என்று பெயர். நிதி மூலத்தை அந்தச் சாய்வின் ஒரு தனி அம்சமாகக் கணக்கிட வேண்டும் என்றார் பெரோ. வேண்டாம், நிதி தந்தவர் செய்யும் குளறுபடி ஆய்வின் வடிவமைப்பிலோ அறிக்கையிலோ தெரியும், அதை அங்கேயே பிடிக்கலாம் என்றார் மருத்துவப் புள்ளியியலாளர் ஜொனதன் ஸ்டெர்ன். நேவிகேஷன் கைடு பெரோவின் பக்கம் நின்று, நிதியையும் ஓர் அம்சமாகச் சேர்த்தது.

நான் இதில் வுட்ரஃபின் பக்கம்தான். பால்புட்டி, டப்பா உணவு ஆகியவற்றின் வழியே உடலுக்குள் போகும் பிஸ்ஃபீனால்-ஏ பற்றிய விலங்கு ஆய்வுகளை 2005-இல் எண்ணிப் பார்த்தார்கள். அரசு நிதியில் நடந்த 104 ஆய்வுகளில் 94 ஆய்வுகள் குறைந்த அளவிலும் விளைவு உண்டு என்றன. தொழில் நிறுவன நிதியில் நடந்த 11 ஆய்வுகளில் ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லை. எலியின் இனத்தைத் தேர்வதில் தொடங்கி எதை வெளியிடுவது என்பதுவரை சாய்வு நுழைய இடம் உண்டு. எல்லாவற்றையும் கட்டுரையின் வரிகளில் பிடித்துவிட முடியாது.

நதியா கேபர், பெரோ, வுட்ரஃப் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வலுவானது. வழக்கறிஞர் ராப் பிலாட் நடத்திய வழக்குகளின் மூலம் வெளிவந்த டுபான்ட், 3எம் நிறுவனங்களின் உள் ஆவணங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பி.எஃப்.ஓ.ஏ. குடும்பப் பொருள்கள் மூச்சில் போனால் மிகுந்த நச்சு, வயிற்றில் போனால் நடுத்தர நச்சு என்பது 1970-க்குள்ளேயே நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியே சொல்லவில்லை. வெளியிடப்பட்ட கட்டுரைகளை மட்டும் மீளாய்வு செய்பவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனப் பணம் என்பதற்காக ஓர் ஆய்வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை இந்த முறை. மற்ற குறைகளைப் போலவே இதையும் பதிவு செய்யச் சொல்கிறது.

அரசுகள் இந்த முறையை ஏற்றுக்கொண்டனவா?

பாதி வழி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2016-இல் நச்சுப் பொருள் சட்டம் திருத்தப்பட்டது. கிடைப்பதில் சிறந்த அறிவியலை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் தனக்கென ஒரு மீளாய்வு முறையை வெளியிட்டது. அதில் ஒவ்வோர் ஆய்வுக்கும் மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட ஒரே ஓர் அம்சத்தில் தோற்றால் போதும், முழு ஆய்வும் கணக்கிலிருந்து நீக்கப்படும். வுட்ரஃப், சட்டன், வீணா சிங்லா மூவரும் 2019-இல் எழுதிய கட்டுரையில் இதன் ஆபத்தைச் சுட்டினார்கள். ஒரு தகவலைக் கட்டுரையில் எழுத விட்டுப்போனதற்கும் ஆய்வே தவறாக நடந்ததற்கும் இந்த முறை வேறுபாடு பார்க்கவில்லை. பயனுள்ள சான்று குப்பைக்குப் போகும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழுவும் அந்த முறையைப் பரிசீலித்து, அது முழுமையாகவும் செயல்படுத்தக்கூடியதாகவும் நடுநிலையாகவும் வெளிப்படையாகவும் இல்லை என்று சொன்னது. முகமை அந்த வழிகாட்டியைக் கைவிட்டது. பொதுமக்கள் கண்ணில் படாத இந்த மாதிரி வெற்றிகள்தான் பிறகு பல முடிவுகளை மாற்றுகின்றன.

உலக அளவில் பெரிய பயன்பாடு உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து செய்த கணக்கீடு. நேவிகேஷன் கைடைத் தழுவி அவை நீண்ட வேலை நேரம் பற்றிய சான்றுகளை மீளாய்வு செய்தன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வதால் 2016-இல் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீடு 2021-இல் வந்தது இப்படித்தான்.

ஒரே பொருளுக்கு இரண்டு அமைப்புகள் இரண்டு முடிவு சொல்வது ஏன்?

களைக்கொல்லி கிளைபோசேட்டைப் பாருங்கள். 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை “அநேகமாகப் புற்று உண்டாக்கும்” என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு “உண்டாக்க வாய்ப்பில்லை” என்றது. முதல் அமைப்பு பொதுவில் கிடைக்கும் ஆய்வுகளை மட்டும் எடுத்தது, கடையில் விற்கும் கலவைகள் பற்றிய ஆய்வுகளையும் பார்த்தது. இரண்டாவது அமைப்பு நிறுவனங்கள் சமர்ப்பித்த ஆய்வுகளையும் எடுத்தது, தூய மூலப்பொருளை மட்டும் பார்த்தது. கேள்வியும் வேறு, திரட்டிய சான்றும் வேறு. அடுத்த முறை இப்படி முரண்பட்ட செய்தி வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது என்று கண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியமானது. சுற்றுச்சூழல் கேடுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்துச் சோதிக்க முடியாது என்றேன். ஆனால் கேட்டைக் கொடுக்க முடியாதே தவிர, கேட்டை நீக்கிப் பார்க்கலாம். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஹாப்பின் என்ற சோதனை நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்கள். விறகடுப்பில் சமைத்த வீடுகளில் பாதிக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 23.9 மைக்ரோகிராம், விறகடுப்பில் தொடர்ந்தவர்களுக்கு 70.7. அவ்வளவு புகை குறைந்தும், 2022-இல் வந்த முடிவில் பிறப்பு எடை 2,921 கிராம், 2,898 கிராம் என்றுதான் இருந்தது. தெளிவான வேறுபாடு இல்லை.

கேஸ் அடுப்பு வீண் என்று இதைப் படிப்பது தவறு. சோதனை தொடங்கும்போது பெண்கள் ஒன்பது வாரத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தார்கள். கேஸ் வந்த வீட்டிலும் ஊர்க் காற்றின் தூசு இருந்தது. பிறப்பு எடை என்பது பல விளைவுகளில் ஒன்றுதான். ஒரே சோதனையையோ ஒரே கண்காணிப்பு ஆய்வையோ பிடித்துக்கொள்ளாமல், இரண்டையும் அதனதன் குறை நிறையோடு ஒரே மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது. நல்ல மீளாய்வு செய்ய வேண்டியது அதைத்தான்.

ஃபுளூரைடு விஷயமும் நமக்குத் தொடர்புடையது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃபுளூரைடு குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்குமா என்று அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் மீளாய்வு செய்தது. அதன் வரைவுகளைத் தேசிய அறிவியல் கழகங்கள் இரண்டு முறை குறைசொல்லித் திருப்பின. 2024-இல் வந்த இறுதி அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலான அளவுக்கும் குறைந்த அறிவுத்திறனுக்கும் தொடர்பு உண்டு என்று நடுத்தர நம்பிக்கையோடு சொன்னது. அமெரிக்காவில் குடிநீரில் சேர்க்கும் 0.7 மில்லிகிராம் பற்றி முடிவு சொல்லத் தரவு போதவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. இங்கே ஒரு கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகு, அதை ஒப்பிட்டுப் பார்க்க 1.5 என்ற அந்த எண் உதவும்.

இந்த முறையில் குறையே இல்லையா?

உண்டு. நேரம் பிடிக்கும், ஆள் வேண்டும், செலவாகும். ஆயிரக்கணக்கான பொருள்கள் காத்திருக்க, ஒன்றுக்கே ஆண்டுக்கணக்கில் உட்கார முடியாது. அதனால் விரைவு மீளாய்வுகளும் வருகின்றன. கலிஃபோர்னியாவில் சட்டமியற்றுபவர்களுக்காகத் தொடங்கி 2024-இல் வெளியான மைக்ரோபிளாஸ்டிக் மீளாய்வு அப்படிப்பட்டது. வுட்ரஃபின் குழு 31 ஆய்வுகளை எடுத்தது. அதில் மனித ஆய்வுகள் மூன்றுதான், மீதி விலங்குகள். இனப்பெருக்கம், செரிமானம், மூச்சு ஆகியவற்றுக்குக் கேடு விளைவிக்கும் என்ற “சந்தேகம்” உண்டு என்று அளவாகச் சொன்னார்கள்.

தரம் பார்ப்பதில் மனிதத் தீர்ப்பு முழுதாக நீங்குவதும் இல்லை. ஒரே ஆய்வுக்கு இருவர் வேறு மதிப்பீடு தரலாம். காரணத்தை எழுதிவைக்கச் சொல்வது அதனால்தான்.

வுட்ரஃப் கட்டுப்பாடுகளுக்காகப் பேசுகிறவர். அவர் செய்யும் மீளாய்வை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். வேதிப்பொருள்களுக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசுகிறார், எழுதுகிறார். ஆனால் முன்திட்டத்தை முதலிலேயே வெளியிட்டுவிட்டால், பிடிக்காத முடிவு வந்தாலும் அவரால் விதியை மாற்ற முடியாது. மைக்ரோபிளாஸ்டிக்குக்கு “அறியப்பட்டது” என்று சொல்லாமல் “சந்தேகம்” என்று நிறுத்தியது அதற்கு ஒரு சாட்சி. அவரை நம்பச் சொல்லவில்லை, அவர் போட்ட கணக்கைச் சரிபாருங்கள் என்கிறேன்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

பொதுச் சுகாதாரம், கொள்ளைநோயியல், நச்சியல், புள்ளியியல் எதிலிருந்தும் வரலாம். வுட்ரஃப் உயிர்ப்பொறியியல் வழியாக வந்தவர். நூலக அறிவியல் படித்தவர்களுக்கும் இங்கே பெரிய இடம் உண்டு. தேடலை வடிவமைப்பது அவர்கள் கைவேலை.

ஒரு மீளாய்வு கையில் கிடைத்தால் சாதாரண வாசகர் எதைப் பார்க்க வேண்டும்?

முன்திட்டம் எங்கே, எப்போது பதிவானது என்று முதலில் பாருங்கள். பிராஸ்பெரோ என்ற பொதுப் பதிவேட்டில் பல திட்டங்கள் இலவசமாகவே கிடைக்கும். பதிவான திட்டத்துக்கும் வெளியான கட்டுரைக்கும் கேள்வி மாறியிருந்தால், ஏன் மாறியது என்று கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு நீக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியலைத் தேடுங்கள், காரணம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்த ஒவ்வோர் ஆய்வுக்கும் யார் நிதி தந்தார்கள் என்ற விவரமும், மீளாய்வு எழுதியவர்களின் நிதி விவரமும் இருக்க வேண்டும். “சான்று இல்லை” என்று முடித்திருந்தால், தேடிப் பார்த்துக் கேடு இல்லை என்று தெரிந்ததா, அல்லது யாரும் ஆராயவே இல்லையா என்று எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு ஆய்வுகள் மட்டுமே இருந்தால், அந்தப் பொருளைப் பாதுகாப்பானது என்று எழுதும் உரிமை யாருக்கும் இல்லை.